அசலும் நகலும்: கொல்லிப்பாவையின் புதிய முகங்கள்

சங்கப் பாடல்களில் கொல்லிமலை இரண்டு காரணங்களுக்காகப் பேசப்படுகிறது. ஒன்று, அதனை ஆண்ட வல்வில் ஓரி. மற்றொன்று, அம்மலையின் மேற்குப் பக்கத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் பாவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைகளில் பரணரும் கபிலரும் பிறரும் தலைவியின் அழகுக்கு இப்பாவையை உவமையாக எடுத்தாள்கின்றனர். அதை மனிதர் எவரும் செய்யவில்லை, தெய்வம் செய்தது என்பது அப்பாடல்கள் தரும் செய்தி. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் அதன் வடிவைக் கெடுக்க இயலாது என்று பரணர் பாடுகிறார். கண்டவரைச் சிரித்து மயக்கி உயிர் வாங்கும் என்பது பிற்கால மரபு சேர்த்த செய்தி. இன்று மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மனே அப்பாவை என்று மக்கள் நம்புகின்றனர்.

இப்பாடல்களில் பாவை ஆக்கப்பட்டதைக் குறிக்க வரும் வினைச்சொல் நம் கவனத்துக்குரியது. செதுக்கியது என்றோ வார்த்தது என்றோ புலவர்கள் சொல்லவில்லை, எழுதியது என்கின்றனர். பழந்தமிழில் ஓவியம் வரைவதும் எழுத்துத் தீட்டுவதும் ஒரே சொல்லால் வழங்கின. இன்று ஒருவர் கணினியின் முன் அமர்ந்து ஒரு வாக்கியத்தை எழுதுகிறார். சில நொடிகளில் அது படமாகிறது. எழுதுதலே படமாதல் என்ற பழைய பொருள் எவரும் எதிர்பாராத ஒரு வழியில் திரும்பி வந்திருக்கிறது. செய்தவர் யார் என்று சுட்ட முடியாத ஓர் உருவம், கண்டவரை மயக்கும் உருவம் என்ற அளவிலும் பழைய பாவைக்கும் புதிய படங்களுக்கும் உறவு இருக்கிறது.

படைப்பாக்கச் செயற்கை நுண்ணறிவு எனப்படும் இத்தொழில்நுட்பம் ஊதியத்துக்காக வரையும் ஓவியர்களின் பிழைப்பை என்ன செய்யும் என்பது பரவலாகப் பேசப்படுகிறது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொரு கூட்டத்தாரை. பகலில் வங்கியிலோ கல்லூரியிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் கணினியிலும் கைப்பேசியிலும் வரைகிறவர்கள், காசுக்காக அன்றி ஆசைக்காக வரைகிறவர்கள், வரைந்ததைத் தம்மைப் போன்ற பிறருக்குக் காட்டி மகிழ்கிறவர்கள். பொன்னியின் செல்வன் பாத்திரங்களை மணியம் கல்கி இதழில் வரைந்த முறையைப் பார்த்துப் பழகியவர்களும், ஜப்பானிய அசைபடங்களைப் பார்த்துக் கண்களைப் பெரிதாக வரையக் கற்றவர்களும் இவர்களுள் உண்டு. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டீவியன்ட்ஆர்ட் போன்ற இணையக் கூடங்கள் இத்தகையோருக்கு உலகளாவிய திண்ணையாக விளங்கின. இவர்களிடையே அசல் என்ற சொல் எதைக் குறித்தது, இப்போது எதைக் குறிக்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் படங்களைப் பார்ப்போம். கொல்லிப்பாவையை வரைந்து தருமாறு இக்கருவிகளுள் ஒன்றை நாம் பலமுறை கேட்டுப் பார்த்தோம். வந்தவை யாவும் கவர்ச்சியான படங்கள்தாம், மறுப்பதற்கில்லை. பொன்னிறத் தோல், கனத்த அணிகலன்கள், சோழர் செப்புத் திருமேனியை நினைவூட்டும் மகுடம், பின்னால் மூடுபனி, எங்கிருந்தோ வரும் மாலை வெயில். பத்துப் படங்கள் கேட்டால் பத்திலும் அதே முகம். சங்கப் பாவைக்குச் சோழர் காலத்து மகுடம் எப்படி வந்தது என்று கேட்பது வீண். இந்தியப் பெண் தெய்வம் என்றால் பெரும்பாலான படங்களில் என்ன இருக்கிறதோ அதையே கருவி தருகிறது. பாடலில் உள்ள அச்சம் படத்தில் இல்லை. அழகும் பேய்மையும் ஒருங்கே உறையும் உருவம் என்பதே அப்பாவையின் உயிர்நிலை. சராசரியைத் தேடும் கருவிக்கு அழகு எளிதாகக் கிட்டுகிறது. பேய்மைக்குச் சராசரி இல்லை போலும்.

கொல்லிமலை மக்களைக் கேட்டபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் என அழைக்கப்படுகின்றனர். மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள்; கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. தமிழ் பேசுகிறவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வாய்மொழி மரபு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, மிளகும் காப்பியும் பலாவும் வளர்த்து, சமவெளி விவசாயிகளைப் போலவே உடுத்தி வாழ்கிறவர்கள். கருவியோ ஒருமுறை கசவுச் சேலை கட்டிய கேரளப் பெண்ணைத் தந்தது. மறுமுறை, பழங்குடி என்ற சொல்லைச் சேர்த்ததும், இறகும் மணிமாலையும் அணிந்த, எந்த நாட்டையும் சேராத ஒரு பெண்ணைத் தந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்று ஒரு நாள் செம்மேட்டுச் சந்தையில் நின்று வரைகிற பள்ளி மாணவன்கூட இந்தப் பிழைகளைச் செய்யமாட்டான். அவன் கை கோணும். விரல்கள் சரியாக வராது. எனினும் அவன் பார்த்ததையே வரைவான்.

ஆயினும் பிழையைக் காட்டி ஒரு கலையை நிராகரிப்பது நேர்மையான விமர்சனம் ஆகாது. கருவிகள் மாதந்தோறும் மேம்படுகின்றன. நாளை அது சரியான சேலையையும் சரியான மலையையும் தரக்கூடும். அப்போதும் நம் கேள்வி அப்படியே நிற்குமா? நிற்கும் என்றே நாம் கருதுகிறோம். அதற்கான காரணம் 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் இருக்கிறது.

அவ்வாண்டு மார்ச் மாதம் லயான்-5பி என்ற தரவுத் தொகுப்பு வெளிவந்தது. இணையமெங்கும் சிதறிக் கிடந்த 585 கோடிப் படங்களின் முகவரிகளும் அவற்றுக்கான விளக்கச் சொற்களும் கொண்ட தொகுப்பு அது. ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. அத்தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது அது. நவம்பரில் டீவியன்ட்ஆர்ட் தானே ஒரு படமாக்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. உறுப்பினர்கள் தனித்தனியே மறுத்தால் அன்றி அவர்களது படங்கள் வெளியார் நடத்தும் பயிற்சிக்குக் கிடைக்கும் என்பது தொடக்க ஏற்பாடு. இரண்டு பத்தாண்டுகளாக அங்கே படங்களைக் கொட்டி வைத்த பொழுதுபோக்கு ஓவியர்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் விரைவிலேயே அந்த ஏற்பாட்டை மாற்றியது. டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் கூடத்தின் முகப்பு முழுவதும் ஒரே எதிர்ப்புப் படத்தால் நிரம்பியது.

இவற்றைவிட நம்மை அதிகம் சிந்திக்கவைத்தது ஹாலி மெங்கர்ட் என்ற அமெரிக்க ஓவியரின் அனுபவம். கனடாவில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் அவருடைய 32 படங்களை எடுத்துக் கருவிக்குப் பயிற்சி தந்து, அவரது பாணியில் யாரும் படம் ஆக்கலாம் என்று பொதுவில் வைத்தார். அந்த மாணவர் வணிகர் அல்லர். ஆசைக்காகச் செய்தவர். ஓர் ஓவியரின் கையை அவரிடம் கேட்காமலே எடுத்துப் பிறருக்குப் பங்கிட்டார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருட்டு என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. கேளாமை என்ற சொல் ஐயமின்றிப் பொருந்தும்.

கருவியின் சார்பாக வாதிடுவோர் சொல்வது எல்லோரும் அறிந்ததே. எந்த ஓவியன் பிறரைப் பார்க்காமல் கற்றான்? பார்த்துப் பழகுவதும் பின்பற்றுவதும் கலையின் இயல்பு. கருவியும் அதையே செய்கிறது என்பர். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம்முடைய இரு மரபுகளும், தமிழும் அரபும், இந்த வாதத்தின் முதல் பாதியை முழுமையாக ஒப்புக்கொள்கின்றன.

தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. முதல்நூலைச் செய்யத் தகுந்தவன் வினையினின்று நீங்கிய முழுதறிவுடைய முனைவன் என்பது இலக்கணிகள் கருத்து. அதாவது கலப்பற்ற முதன்மை மனிதர் கைக்கு உரியதன்று. மனிதர் செய்வனவெல்லாம் பெரும்பாலும் வழியும் சார்புமே. அரபு மரபிலும் இதே எண்ணத்தைக் காண்கிறோம். முன்மாதிரியின்றி ஆக்குபவன் என்று பொருள்படும் அல்-பதீஉ, உருவமைப்பவன் என்று பொருள்படும் அல்-முஸவ்விர் இரண்டும் இறைவனின் திருநாமங்கள். அதே வேரிலிருந்துதான் புத்தாக்கத்தைக் குறிக்கும் இப்தாஉ என்ற சொல்லும், மார்க்கத்தில் புகுத்தப்படும் புதுமையைக் குறிக்கும் பித்அத் என்ற சொல்லும் கிளைத்தன. ஹிஜ்ரி 274இல், கி.பி. 887இல், இப்னுல் முஅத்தஸ் தம் கிதாபுல் பதீஉ நூலை எழுதியதன் நோக்கமே, அக்காலப் புதுக்கவிஞர்கள் புதிது என்று கொண்டாடிய அணிகள் யாவும் குர்ஆனிலும் பழங்கவிதையிலும் முன்பே உள்ளவை என்று காட்டுவதுதான். கவிதைத் திருட்டைப் பற்றி, ஸரிகா என்ற தலைப்பில், அரபு விமர்சகர்கள் எழுதிக் குவித்தனர். முதனப்பீயின் மேல் சுமத்தப்பட்ட திருட்டுக் குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து காழீ அல்-ஜுர்ஜானீ ஒரு நூலே எழுதினார். பின்வந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானீ (இறப்பு கி.பி. 1078 வாக்கில்) செய்த பாகுபாடு இன்றைக்கும் பயன்படும். வீரனைச் சிங்கத்துக்கு ஒப்பிடுவது போன்ற பொதுச் சொத்தை யாரும் திருட முடியாது. ஒரு கவிஞன் சிந்தித்து உழைத்து அடைந்த தனிப்பொருளுக்கே உரிமையும் திருட்டும் உண்டு என்றார் அவர்.

ஓவியத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பெரிய கண்கள் பொதுச் சொத்து. மாலை வெயில் பொதுச் சொத்து. ஆனால் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து 2021 ஜூனில் கொரோனாவால் மறைந்த ஓவியர் இளையராஜா, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களின் கருமையான தோல் மீது ஓட்டுவீட்டின் இடுக்கு வழியே விழும் வெளிச்சத்தைத் தீட்டிய முறை பொதுச் சொத்தா? அவர் பல்லாண்டு உழைத்து அடைந்த தனிப்பொருள் அது. தமிழ்க் கிராமத்துப் பெண் என்ற பெயரில் இன்று கருவி தரும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெளிச்சத்தின் சாயல் நம் கண்ணில் படுகிறது. படத்தின் அடியில் அவர் பெயர் இருப்பதில்லை. அப்படத்தை ஆக்கியவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதுதான் பழைய பின்பற்றலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்று நாம் நினைக்கிறோம்.

அசல், நகல் என்று தமிழில் நாம் சர்வசாதாரணமாக வழங்கும் இரு சொற்களும் அரபிலிருந்து வந்தவை. அஸ்ல் என்றால் வேர், அடிப்படை. நக்ல் என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. பதிவு அலுவலகத்து நகலை எண்ணி நாம் அச்சொல்லைத் தாழ்வாகக் கருதப் பழகிவிட்டோம். இஸ்லாமிய அறிவு மரபில் நக்ல் தாழ்ந்த சொல் அன்று. அறிவின் இரண்டு வாயில்களுள் ஒன்று அக்ல், மற்றொன்று நக்ல். இவரிடமிருந்து இவர் கேட்டார், அவரிடமிருந்து அவர் கேட்டார் என்று பெயர்களின் சங்கிலியோடு வருவதே நக்ல். பெயர் அறுந்தால் செய்தியின் மதிப்பு குறைகிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கருவி தரும் படத்தை அசல் என்று சொல்ல முடியாததோடு, பழைய நல்ல பொருளில் நகல் என்றும் சொல்ல முடியவில்லை.

எழுத்தணிக் கலைஞர்களின் வரலாறு இதை இன்னும் தெளிவாக்கும். மாணவன் ஆசிரியரின் எழுத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதுவான். இஜாஸா பெறும் நாள்வரை தன் பெயரைக் கீழே இட அவனுக்கு உரிமை இல்லை. ஷீராஸில் புவைஹி மன்னர் பஹாஉத் தவ்லாவின் நூலகத்தில் நடந்ததாக யாகூத் அல்-ஹமவீ பதிவு செய்யும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இப்னு முக்லாவின் கையால் முப்பது பாகங்களாக எழுதப்பட்ட குர்ஆனில் ஒரு பாகம் காணாமற்போயிற்று. நூலகப் பொறுப்பில் இருந்த இப்னுல் பவ்வாப் அதைத் தானே எழுதிச் சேர்த்துவிடுவதாகவும் மன்னரால் கண்டுபிடிக்க இயலாது என்றும் சொன்னார். தாளையும் மையையும் அட்டையையும் பழமைக்கு ஏற்பத் தேர்ந்து எழுதி வைத்தார். மன்னர் முப்பதையும் புரட்டிப் பார்த்துத் தோற்றார். பேசிய பரிசு வராதபோது, நூலகத்தில் கிடந்த வெற்றுச் சீனத் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அந்த வரலாறு முடிகிறது. வேறுபாடு காண முடியாத அளவுக்கு ஒத்த நகல் அது. எனினும் அதை எவரும் மோசடி என்று சொல்லவில்லை. எழுதப்போவதாக முன்பே சொல்லிவிட்டு எழுதியது. ஒரு கை மற்றொரு கையை அறிந்து, அந்த அறிவால் தானும் வளர்ந்தது. ஓவியத்தின் பயன் முடிந்த படத்தில் மட்டும் இருப்பதாக எண்ணுகிறவர்களுக்கு இந்த நிகழ்ச்சி விளங்காது.

நம் சீறாப்புராணம் இன்னொரு சான்று. உமறுப் புலவர் எடுத்துக்கொண்ட பொருள் அரபு மூலங்களில் உள்ளது. காப்பிய அமைப்பு கம்பனிடமிருந்து பெற்றது. அரபு நாட்டை வருணிக்கும் படலத்தில் ஓடுவதோ மருதநிலத்து ஆறு. கறாராகப் பார்த்தால் அவர் வரைந்த அரபு நாடும், கேரளச் சேலை கட்டிய கொல்லிமலைப் பெண்ணும் ஒரே வகைப் பிழை என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வெறும் பாசத்தினால் மட்டும் அன்று. உமறு தெரிந்தே மாற்றினார். தமிழ் வாசகனுக்குச் செழுமை என்றால் எது என்பதை அறிந்து மாற்றினார். மேலும், ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அவர் செய்திகளை வேண்டி நின்றதும், முதலில் மறுக்கப்பட்டதும், பின்னர் இசைவு கிடைத்ததும், பரங்கிப்பேட்டைக்குச் சென்று அங்கிருந்த அறிஞரிடம் எஞ்சியதைப் பெற்றதும் நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மரபு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுடைய ஒரு காப்பியத்தின் பின்னால் கேட்டலும் மறுத்தலும் இசைதலும் இருந்தன. ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரின் பெயரைப் புலவர் நூலுக்குள்ளேயே பாடி வைத்தார். அவர் முடிக்காமல் விட்டதைப் பனீ அஹ்மது மரைக்காயர் சின்னச் சீறா என்று தனிப்பெயரிட்டுப் பாடியதால், ஒரு கை நின்று மறு கை தொடங்கும் இடம் இன்றளவும் தெரிகிறது.

கருவி எப்படிக் கற்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சிப் படத்தின் மேல் சிறிது சிறிதாகப் புள்ளிக் குழப்பத்தைத் தூவுகின்றனர். குழப்பத்தை நீக்கிப் படத்தை மீட்பது எப்படி என்று கருவி கணக்கிடப் பழகுகிறது. கோடிக்கணக்கான முறை பழகியபின், வெறும் குழப்பத்தையும் ஒரு வாக்கியத்தையும் கொடுத்தால் வாக்கியத்துக்கு ஒத்த படத்தை வெளியே இழுக்கிறது. படங்களை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டுகிறது என்ற பொதுவான குற்றச்சாட்டு உண்மையன்று. 2023இல் ஆய்வாளர் குழு ஒன்று, பயிற்சியில் மிக அதிகமாக மீண்டும் மீண்டும் வந்த 3,50,000 படங்களைக் கொண்டு சோதித்தபோது ஏறத்தாழ அப்படியே திரும்பி வந்தவை நூற்றுக்குச் சற்று மேல். அரிதுதான், ஆனால் இல்லாமலும் இல்லை. எதிர்ப்பாளர்கள் இந்த அரிதானதைப் பெரிதாக்குவது அவர்களுடைய வழக்கைப் பலவீனப்படுத்துகிறது.

எதிர்ப்பாளர்கள் பக்கமும் குறைகள் உண்டு. பிறருக்குச் சொந்தமான பாத்திரங்களை உரிமை கேட்காமல் வரைந்து மகிழ்வது பொழுதுபோக்கு ஓவியரின் அன்றாட வழக்கம். அவர்கள் இன்று உரிமை பேசும்போது கேட்பவர் புன்னகைப்பதில் வியப்பில்லை. இன்னும் கவலைக்குரியது சந்தேகத்தின் பெருக்கம். 2022இன் இறுதியில் வியட்நாமிய ஓவியர் பென் மோரன் தாமே பல நாட்கள் உழைத்து வரைந்த படம் கருவியின் படம் போலிருக்கிறது என்று ஒரு கலைக் கூடத்திலிருந்து நீக்கப்பட்டது. வரைந்த படிகளைக் காட்ட அவர் முன்வந்தார். தாமே வரைந்திருந்தாலும் பாணியை மாற்றிக்கொள்ளட்டும் என்ற கருத்தில் அவருக்குப் பதில் வந்தது. சராசரியைப் போலத் தோன்றக்கூடாது என்று மனிதன் தன் கையை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம்! கருவியைவிட இந்தப் பதிலே நம்மை அதிகம் உறுத்துகிறது. கை நடுங்குகிறவர்களும் வரையும் பயிற்சிக்கு வாய்ப்பே அற்றவர்களும் மனத்தில் கண்டதை இக்கருவியால் முதன்முறையாகக் கண்ணால் காண்கின்றனர் என்பதையும் ஏளனம் செய்யலாகாது. அவர்கள் ஓவியர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். படத்தைக் கேட்டுப் பெற்றவர்கள். முகலாய அரசர்களும் கேட்டுப் பெற்றவர்கள்தாம். அவர்களுடைய ஓவியக்கூடச் சுவடிகளில் வரைந்தவர் பெயர் ஓரத்தில் எழுதப்பட்டது.

சட்டத்தின் நிலை இன்னும் தெளியவில்லை. கணினியால் உருவாகும் படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்தின் வழியே சொல்கிறது. வழக்கறிஞர் அங்கித் சாஹ்னி தாம் எடுத்த அந்தி வானப் புகைப்படத்தை வான்கோவின் ஓவியப் பாணியோடு சேர்த்து ராகவ் என்ற கருவியால் சூர்யாஸ்த் என்ற படத்தை ஆக்கினார். 2020இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் கருவியையும் இணை ஆசிரியராக ஏற்றுப் பதிவு செய்தது; மறு ஆண்டே அப்பதிவைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு அனுப்பியது. அமெரிக்க அலுவலகம் 2023 டிசம்பரில் அதே படத்துக்குப் பதிவை மறுத்தது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை வேறொரு வழியை முன்மொழிந்தது. பயிற்சிக்குப் படைப்புகளை எடுப்பதை யாரும் தடுக்க முடியாது. நிறுவனங்கள் அதற்கு ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். ஒரு மைய அமைப்பு அதைத் திரட்டிப் பங்கிடும் என்பது அதன் சாரம்.

தமிழ்த் திரையிசையில் இதற்கொரு முன்னோட்டம் நடந்தது. 2024 ஜனவரியில் லால் சலாம் படத்தின் திமிரி எழுடா பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தார். ஷாகுல் ஹமீது மறைந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் அனுப்பியதாக ரஹ்மான் வெளிப்படையாக அறிவித்தார். பெயர் சொன்னது, கேட்டது, கொடுத்தது என்ற மூன்றும் இதில் இருந்தன. இதுவரை நாம் கண்டவற்றுள் இதுவே நாகரிகமான முறை. ஆயினும் வாரிசு தரும் அனுமதி சொத்துக்குப் பொருந்துவது போல் குரலுக்கும் பொருந்துமா? இஜாஸா என்பது உயிரோடிருக்கும் ஆசிரியர் மாணவனைக் கேட்டுப் பார்த்துத் தருவது. ஒரு சொல்லை எப்படி இழுத்துப் பாடுவது, எந்தப் பாட்டை மறுப்பது என்று முடிவு செய்ய ஷாகுல் ஹமீது அங்கில்லை. பாட்டு நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஈட்டுத்தொகையைப் பற்றி எண்ணும்போது கொல்லிமலைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கு மலையாளி விவசாயிகள் காத்துவந்த சாமை, தினை வகைகள் எந்தத் தனி மனிதனின் அசலும் அல்ல. ஒருத்தி தன் நிலத்தில் நன்றாக விளைந்த கதிரைத் தேர்ந்து வைத்தாள். அவளிடம் கேட்டு வாங்கிய மற்றொருத்தி விதைத்துத் திருப்பித் தந்தாள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அம்மலையில் மரபுச் சிறுதானியங்களைப் பேணும் பணி செய்தபோது, இந்த வழக்கத்தை ஒட்டியே ஊர் விதை வங்கிகள் அமைந்தன. விதை கடன் வாங்கியவர் விளைச்சலில் சற்றுக் கூடுதலாகவே திருப்பி அளப்பார். இத்தகைய கூட்டு உழைப்பைச் சட்டமும் கண்டுகொண்டது. 2001ஆம் ஆண்டுப் பயிர் வகைகள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டமும், ஒரு சமூகம் காத்துவந்த வளத்தைக் கொண்டு பயன் பெறுவோர் அச்சமூகத்துக்குப் பங்கு தர வேண்டும் என்று விதித்தன. தனி ஆசிரியர் இல்லாத இடத்திலும் உரிமை உண்டு என்பதை ஏற்ற சட்டங்கள் இவை.

பொழுதுபோக்கு ஓவியர்களின் கூடங்கள் இவ்வகை விதை வங்கிகளாகவே இயங்கின. ஒருவர் மடிப்புச் சேலையை வரையும் உத்தியைக் காட்டுவார்; மற்றொருவர் அதைக் கற்று மழைத்துளியைச் சேர்ப்பார்; எப்படி வரைந்தீர்கள் என்று கேட்பதும் படிப்படியாக விளக்குவதும் அங்கே புழங்கிய நாணயம். மார்கழி மாதக் கோலங்களை நம் ஊர்ப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்வதும் இதே வழக்கம்தான். யாரும் உரிமை கொண்டாடுவதில்லை, ஆனால் யாரிடமிருந்து வந்தது என்பது தெருவுக்குத் தெரியும். கருவி அந்த வங்கியிலிருந்து எல்லா விதையையும் ஒரே நாளில் அள்ளியது. திருப்பி அளந்தது என்ன? 2025 மார்ச்சில் ஜப்பானிய அசைபடப் பாணியில் தம் திருமணப் படங்களையும் குழந்தைகளின் படங்களையும் மாற்றி மகிழ்ந்த கோடிக்கணக்கானோருள் அப்பாணியைக் கற்க எண்ணியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஒரு வாரத்தில் அந்தப் பாணி சலித்துப்போயிற்று.

மத்திய அரசின் ஆய்வறிக்கை சொல்லும் தொகை என்றேனும் ஒரு நாள் பங்கிடப்பட்டால், நூறு படம் போட்ட ஒரு கல்லூரி மாணவிக்கு அதில் சில காசுகள் வரக்கூடும். அவள் காசு கேட்கவில்லை. தன் படம் எங்கே போயிற்று, யார் அதைப் பார்த்துக் கற்றார் என்பதைத்தான் அவள் அறிய விரும்பினாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் விரும்பினாள். சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட கிளேஸ் என்ற மென்பொருளைப் பூசித் தம் படங்களைக் கருவியின் கண்ணிலிருந்து மறைக்க முயல்வோர் அந்த உரிமையைத் தாமே செய்துகொள்கின்றனர். சட்டம் அதைத் தருமா என்பது ஆய்வறிக்கையின் மீதான முடிவில்தான் தெரியும். அதுவரை ஓவியக் குழுக்களை நடத்துவோர் தம் அளவில் ஒன்றைச் செய்யலாம். கருவியால் ஆன படங்களுக்குத் தனி அறை ஒதுக்கி, எந்தக் கருவி, எந்த வாக்கியம், எவருடைய பாணி கேட்கப்பட்டது என்று மூன்றையும் படத்தின் கீழே எழுதச் சொல்லலாம்.

கையால் வரைந்த கொல்லிப்பாவைகளும் நமக்குக் கிடைத்தன. அவற்றுள் பள்ளி ஆசிரியை ஒருவர் கைப்பேசியில் விரலால் வரைந்தது எளிய படம். முகமே இல்லை, பாறையில் மழை வழிந்த கறை ஒரு பெண்ணின் தோள்போல் தெரிகிறது, அவ்வளவுதான். கீழே நற்றிணைப் பாடலின் எண்ணையும், பாறையின் இழைநயத்தை வரையக் கற்றுத்தந்த தோழியின் பெயரையும் குறித்திருந்தார்.